இரண்டும் வெள்ளை

"ஒரே ஒரு மனசுங்க சாமி. அதைத் திருப்ப ஆத்தாளுக்கு என்ன கஷ்டம்?"

ராக்கியண்ணன் இப்படித்தான் ஆரம்பித்தார். பூக்கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

சாமி வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு மனசுங்க?"

"என் பையன் மனசுதான். ஊரான் மனசுக்கா நான் இங்க வந்து நிக்கறேன்?"

சாமி என்றதும் சடையும் தாடியுமாக ஒரு கிழவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாச்சியப்பச் சாமிக்கு முப்பத்தெட்டு வயது. கரட்டம்மன் கோயில் பண்டாரம். பூக் கட்டுவார், பூசை செய்வார், பேசச் சொன்னால் மட்டும் யோசிப்பார்.

ராக்கியண்ணனுக்கு அறுபத்து மூன்று. நரைத்த தலையோடு அவர் இந்தச் சின்ன ஆள் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஊரில் சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

ஒன்பது வருஷமாக நிற்கிறார். கோயில் நந்தவனம் அவர் பொறுப்பு. வெள்ளரளி ஒரு வரிசை, செவ்வரளி ஒரு வரிசை. வேறு எதுவும் இங்கே வராது. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அரளி பிழைத்ததே பெரிய காரியம்.

"ஒன்பது வருஷம் பூ பறிச்சுப் போட்டேன். அவகிட்ட என்ன கேட்டேன்? ஒண்ணும் கேக்கலை. இப்பக் கேக்கறேன். சதாசிவம் போகக்கூடாது. அவ்வளவுதான்."

சாமி இன்னொரு நாரைக் கிழித்தார்.

ராக்கியண்ணன் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

இரண்டு பையன்கள். மூத்தவன் செங்கோடன் ரிக் வண்டியில் வேலைக்குப் போனான். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டியில் ஏறி வடக்கே போவது எங்கள் பையன்களுக்குப் பழக்கம். இங்கே ஆயிரம் அடி இறக்கினாலும் புழுதிதான் பறக்கும். ஊர் ஊராகப் போய் அடுத்தவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

செங்கோடன் வரவில்லை. ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் போர் போடும்போது குழாய் நழுவி மேலே விழுந்தது. அங்கேயே எரித்துவிட்டார்கள். சாம்பல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. அவனைப் பெற்றவள் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள்.

அது நடந்து மூன்று வருஷம்.

இப்போது சின்னவன் சதாசிவம் அதே ரிக் வண்டியில், அதே பக்கத்துக்குக் கிளம்புகிறான்.

ராக்கியண்ணன் சும்மா இருக்கவில்லை. கெஞ்சினார். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மச்சானைக் கூட்டி வந்து பேசவிட்டார். பையனோடு இருபது நாள் பேசாமல் இருந்தார். கடைசியில் அவனுடைய ஆதார் அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தார். அந்த வீட்டில் தினமும் சோறு ஆக்குகிறவன் சதாசிவம்தான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

அட்டையை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு அவன் உலை வைத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பானுங்க," என்றார் ராக்கியண்ணன். "இல்லைன்னா அவகிட்டச் சொல்லுங்க. அவன் மனசை இந்தப் பக்கம் திருப்பி விடட்டும்."

சாமி நாரைக் கீழே வைத்தார்.

"பையன் சாயங்காலமானா உங்க காட்டுக் கிணத்து மேட்டுல உக்காந்திருக்கானே, அங்க உக்காந்து என்ன நினைக்கறான்?"

ராக்கியண்ணன் யோசித்தார்.

"தெரியலீங்க."

"எத்தனை நாளா உக்காருறான்?"

"பெரியவன் போனதுல இருந்து."

"தெரியாத மனசை எந்தப் பக்கம் திருப்பச் சொல்லுறீங்க ராக்கியண்ணா?"

ராக்கியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. மனசு எப்படி இருந்தால் என்ன, கால் வீட்டில் இருந்தால் போதும் என்றார். சாமி மறுபடியும் நாரை எடுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. கூடையில் இருந்த பூ வாடத் தொடங்கியது.

"பூ வெச்சுக் கேட்டுரலாமுங்களா?" என்றார் ராக்கியண்ணன், மெதுவாக.

"கேக்கப்போறது நீங்களா, பையனா?"

"பையன்தானுங்க. ஆத்தா சொன்னா ரெண்டு பேரும் கட்டுப்படறதுன்னு பேசிக்கிட்டோம். பெரியவன் கேக்காமப் போனான். அதனாலதான் அப்படி ஆச்சு."

"எது வந்தாலும் கட்டுப்படுவீங்களா?"

"கட்டுப்படுவேனுங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க," என்றார் சாமி.

பூ கேட்பது எங்கள் பக்கம் இப்படித்தான். பூவரச இலையில் இரண்டு பொட்டலம் கட்டுவார்கள். ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்க வந்தவர் கேள்வியை மனசுக்குள் கேட்டுவிட்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் கேட்டதற்குச் சரி என்று அர்த்தம். சிவப்பு வந்தால் வேண்டாம். என்ன கேட்டாய் என்று யாரும் கேட்கக்கூடாது.

மிச்சம் இருக்கிற பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. அதை அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

பொட்டலம் கட்டுவதும் கிணற்றில் போடுவதும் ஒன்பது வருஷமாக ராக்கியண்ணன் வேலை. கல்யாணம், வழக்கு, ஆப்பரேஷன் என்று எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறார். ஒருநாளும் கை தப்பியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நந்தவனத்துக்குப் போனார். வெள்ளரளி வரிசையில் பறித்தார். செவ்வரளி வரிசைக்கு வந்து நின்றார். கை போகவில்லை.

வெள்ளை வந்தால் நல்லது. பையன் வீட்டோடு இருப்பது நல்லது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை எதற்கு விட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

உட்கார்ந்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளை வைத்தார். இன்னொன்றிலும் வெள்ளை வைத்தார். நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டார். மூன்றாவது தடவைதான் முடிச்சு நின்றது.

தட்டைக் கொண்டுபோய்ச் சாமியிடம் கொடுத்தார்.

"கட்டியாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"சரியாக் கட்டியிருக்குதுங்களா?"

"எப்பவும் போலத்தானுங்க."

சாமி கீழே இருந்த பூக்கூடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டோடு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார். அது வழக்கம்தான். கொஞ்சம் நேரம் அதிகமாக ஆனது போல ராக்கியண்ணனுக்குத் தோன்றியது. குற்றம் செய்தவனுக்கு எல்லாமே நேரம் அதிகமாகத்தான் தோன்றும்.

சதாசிவம் வந்தான். இருபத்தாறு வயது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்திருந்தான். அப்பாவைப் பார்த்தான். அவர் தூணைப் பார்த்தார்.

திரை விலகியது.

அவன் கண்ணை மூடி நின்றான். உதடு அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே கால் வலித்தது. பிறகு குனிந்து வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துச் சாமி கையில் கொடுத்தான்.

சாமி பிரித்தார்.

வெள்ளை.

ராக்கியண்ணன் விட்ட மூச்சு சன்னதி வரை கேட்டது. கண்ணில் தண்ணீர். ஆத்தா, ஆத்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன் கையால் வைத்த பூதான் என்பது அவருக்கே மறந்துபோய்விட்டது.

சதாசிவம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். அப்பாவிடம் வந்து அவர் காலைத் தொட்டான்.

"மூணேகால் பஸ்ஸுக்குப் போயிடறனுங்கப்பா."

"எங்கடா?"

"திருச்செங்கோடு. வண்டி அங்கதான் நிக்குது."

"ஏன்டா, வெள்ளை வந்திருக்குதே? பாக்கலையா?"

"போகட்டுமான்னுதானுங்கப்பா கேட்டேன்."

ராக்கியண்ணனுக்குக் காது அடைத்துக்கொண்டது. பையன் பேசுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

அவன் அத்தனை வருஷத்துப் பேச்சையும் அன்றைக்குத்தான் பேசினான். அண்ணன் விழுந்த அந்தப் போர் இருக்கிறதல்லவா, அதே குழியில் இரண்டு நாள் கழித்து இன்னும் இருபது அடி இறக்கினார்களாம். தண்ணீர் பீறிட்டு வந்ததாம். இன்றைக்கும் அந்த ஊர் முழுவதும் அதில்தான் குடிக்கிறதாம். கூட வேலை செய்தவன் வந்து சொல்லியிருக்கிறான்.

"அண்ணன் எடுத்த தண்ணி அது. ஒரு வாய் குடிக்கணுமுங்கப்பா. நம்ம கிணத்து மேட்டுல உக்காந்தா எனக்கு அந்த நினைப்புத்தான்."

"ஏன்டா இதை என்கிட்டச் சொல்லலை?"

"போகாதேன்னுதான் சொன்னீங்க. எதுக்குப் போறேன்னு நீங்க கேக்கலீங்களே."

அவன் துணி எடுத்துவைக்க வீட்டுக்குப் போனான்.

ராக்கியண்ணன் நின்றுகொண்டிருந்தார். சாமி மிச்சப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். ஒன்பது வருஷப் பழக்கம், கால் தானாக நடந்தது. கிணற்றுக்குப் போனார். போட்டார்.

சத்தம் வரவில்லை. அந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றி ஆறு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் போட்ட பொட்டலம் மிதந்து, ஊறி, மூழ்கிப் போகும். இப்போது அடியில் அப்படியே கிடக்கும். எட்டிப் பார்த்தால் யார் யாருக்கோ வராமல் போன பதில்கள் காய்ந்து குவிந்து கிடப்பது தெரியும். அவற்றின் மேல் ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது.

உச்சிப் பூசை முடிந்தது. சாமி இலை போட்டுச் சோறு வைத்தார். ராக்கியண்ணன் தொடவில்லை. சோறு ஆறியது. சாமி இலையைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு மாலை கட்ட உட்கார்ந்தார்.

"சாமி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

சாமி கட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன்."

"எதுக்குங்க?"

"அவளை நம்பலைங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர் சன்னதிப் பக்கம் பார்த்தார். பயந்து பார்க்கவில்லை. பழைய சண்டைக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பெரியவனை அனுப்பும்போது, ஆத்தா நீயே பாத்துக்கன்னு அவ கையிலதான் விட்டேன். டப்பாவுல போட்டுத் திருப்பிக் குடுத்தா. அவங்கம்மாளையும் எடுத்துக்கிட்டா. மிச்சம் ஒண்ணு இருக்குது. அதையும் அவ இஷ்டத்துக்கு விடச் சொல்லுறீங்களா?"

சாமி கையில் இருந்த மாலை ஓரிடத்தில் நின்றுவிட்டது.

ராக்கியண்ணன் அழுதார். மனைவி செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. என் கையாலேயே அனுப்பிவிட்டேன் சாமி, நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று தரையில் அடித்துக்கொண்டார்.

பிறகு திடீரென்று நிறுத்தினார்.

"அப்படின்னா அது பூவே இல்லையே சாமி."

சாமி பார்த்தார்.

"அவ சொல்லலை. நான் சொன்னது. பொய்ப் பூ. அது செல்லாது. பையன்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். மறுபடியும் கேக்கலாம், இல்லை கேக்காமயே விட்டுடலாம். அவ சொன்னாதான் போவேன்னு ஒத்துக்கிட்டவன் அவன். இது பொய்யின்னு தெரிஞ்சா நின்னுடுவான்."

முகம் தெளிந்துவிட்டது. மூன்று வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. ஏமாற்றினவன் என்று பையன் காறித் துப்பினாலும் பரவாயில்லை, வீட்டில் இருந்து துப்பட்டும் என்றார்.

"நம்பணுமே. வெறும் வாயில சொன்னா, நிறுத்தறதுக்குச் சொல்றேன்னு நினைப்பான். அந்தப் பொட்டலத்தைக் காட்டினா நம்புவான்."

"அது கிணத்துல கிடக்குதுங்களே."

"இறங்கறேன்."

மணி இரண்டரை ஆகிவிட்டது. கிணறு அறுபதடி. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் பாதி உடைந்து கிடக்கிறது. வாலிபப் பையன்களே இறங்க யோசிப்பார்கள்.

சாமி தடுக்கவில்லை. சேந்துகயிற்றை எடுத்து வந்து ராக்கியண்ணன் இடுப்பில் கட்டினார். மறு நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டைச்சுவரில் காலை ஊன்றி உட்கார்ந்தார்.

ராக்கியண்ணன் இறங்கினார். கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. புறா இரண்டு அடித்துக்கொண்டு வெளியே பறந்தன. அதற்குப் பிறகு அவர் மூச்சு மட்டும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

அடியில் கால் வைத்ததும் காய்ந்த இலைகள் நொறுங்கின. பழைய பொட்டலங்கள். சில தானாகப் பிரிந்து கிடந்தன. உள்ளே இருந்த பூக்கள் எல்லாம் மண் நிறத்துக்கு வந்துவிட்டன. எது வெள்ளையாக இருந்தது, எது சிவப்பாக இருந்தது என்று கட்டின அவருக்கே சொல்ல வரவில்லை.

பச்சைப் பொட்டலத்தை எடுத்தார். முடிச்சு அவர் முடிச்சு மாதிரி இல்லை.

பிரித்தார்.

சிவப்பு.

சாமி மேலே இருந்து கயிற்றை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். அது இழுபட்டது, ஆள் இருக்கிறார்.

"நீங்களா சாமி?"

"நான்தானுங்க."

"எப்படித் தெரிஞ்சுது?"

"பொட்டலம் கட்டற அன்னிக்குக் கூடையில கொஞ்சம் செவ்வரளி மிச்சம் இருக்கும். இன்னிக்கு ஒரு இதழ்கூட இல்லை."

திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கிணற்றின் மேலிருந்தே சாமி சொன்னார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அம்மன் மேல் நேற்றுச் சாத்தியிருந்த செவ்வரளி ஒன்றை எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கலைத்துப் போட்டிருக்கிறார். எது எந்தப் பக்கம் போனது என்று அவருக்கே தெரியாது.

"எதுக்கு மாத்தினீங்க?"

"பையன் அவகிட்டக் கேக்க வந்தான். உங்ககிட்ட வரலை."

கீழே ராக்கியண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சிரிப்பது போலக் கேட்டது. சிரிப்புதானா என்று மேலே இருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

"நீங்க மாத்தாம விட்டிருந்தாலும் அவன் வெள்ளையத்தான் எடுத்திருப்பான்."

"ஆமாங்க."

"மாத்தினதுக்கு அப்புறமும் வெள்ளையத்தான் எடுத்தான்."

"ஆமாங்க."

"அப்ப நடுவுல நான் யாரு சாமி?"

மேலே வெட்டவெளியில் வெயில் அப்படியே நின்றது.

"இப்ப நான் அவன்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

"முதல்ல சொல்ல வந்ததையே சொல்லலாம். நீங்க கட்டினது ரெண்டும் வெள்ளைதான். அதுல பொய் ஒண்ணும் இல்லை."

ராக்கியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வட்டமான வானத்தில் சாமியின் தலை மட்டும் தெரிந்தது.

"சொன்னா நின்னுடுவான்."

"நின்னுடுவான்."

"நீங்க மாத்தினதைச் சொல்லமாட்டீங்களே?"

"என்னை யாரு கேக்கப்போறா?"

"அப்ப நின்னுடுவான். வீட்டோட இருப்பான்."

"இருப்பானுங்க. சாயங்காலமானா கிணத்து மேட்டுல உக்காருவான்."

ராக்கியண்ணன் எழுந்தார்.

ஏறுவதற்கு இறங்கினதைவிட நேரம் பிடித்தது. மேலே வந்தபோது முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. தலையில் சிலந்தி வலை. கயிற்றை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை, சாமிதான் பின்னாலேயே ஓடி அவிழ்த்தார். மூன்று மணி தாண்டிவிட்டது.

கோயிலில் இருந்து பஸ் நிற்கிற கரட்டுப் பிரிவு அரை மைல். அவர் ஓடினார். அறுபத்து மூன்று வயது ஆள் ஓடுகிற ஓட்டம்தான். ஓடும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரண்டும் வெள்ளை. இரண்டும் வெள்ளைடா கண்ணு. என்ன பெரிய பேச்சு, இரண்டே வார்த்தை.

பஸ் நின்றுகொண்டிருந்தது.

சதாசிவம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் பை. அப்பா ஓடி வருவதைப் பார்த்ததும் எழுந்து படிக்கட்டுக்கு வந்தான்.

"என்னங்கப்பா இது, உடம்பெல்லாம் புழுதி?"

"கோயில் கிணத்துல இறங்கினேன்."

"இந்த வயசுலயா? எதுக்குங்க?"

ராக்கியண்ணன் வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியது. கண்டக்டர், பெரியவரே ஏறறதுன்னா ஏறுங்க என்றார்.

மூடின கைக்குள் செவ்வரளி கசங்கிப்போயிருந்தது.

சதாசிவம் ஒரு படி கீழே இறங்கினான். ஒரு கால் தரையில், ஒரு கால் பஸ்ஸில். பை தோளில்தான் இருந்தது. அப்பா சொல்லப்போவதற்குக் காத்திருந்தான். என்ன சொன்னாலும் கேட்டுவிடுவான் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் ராக்கியண்ணன் அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"எதுக்குங்கப்பா இறங்கினீங்க?"

கண்டக்டர் விசில் ஊதினார்.

"வரும்போது எனக்கும் ஒரு வாய் தண்ணி கொண்டா, கண்ணு."